ஈரச்சாக்கு

பண்டத்தரிப்பு
19.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சின்ன வயதில் நான் நித்திரையில் எழுந்து நடந்ததுண்டா? இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நித்திரையில் இருந்தவளுக்கு அது எப்படித் தெரியும்? அதனால் உங்களைக் கேட்கிறேன்.

சுகம் விசாரிக்காமல் கேள்வியோடு தொடங்கிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தானுக்குச் சீனி குறைந்ததா? திருகோணமலையில் மழை விட்டதா? நித்திரையைத் தவிர எனக்கு வேறு குறையில்லை. அம்மா போனதோடு போனது, அவவின் முதலாம் வருட ஆட்டைத் திவசம் முடிந்த பிறகும் திரும்பி வரவில்லை. விடிய விடிய விழித்துக் கிடந்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறேன்.

இங்குள்ள சின்ன ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் டொக்டர் தாரிகா என்னிடம் விஞ்ஞானம் படித்த பிள்ளை. குளிசை தரமாட்டேன் என்றுவிட்டாள். “மிஸ், உந்தக் குளிசையைத் துடங்கினா விடேலாது. இதைச் செய்து பாருங்கோ” என்று என் போனில் எதையோ பதிந்து தந்தாள். கிழமைக்கு ஒரு பாடம். நித்திரைக்கும் இணையவழிக் கல்வி வந்துவிட்டது. எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் செய்து பார்க்காமல் பிழை சொல்லக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

பாடம் தொடங்குமுன் ஒரு தொகைக் கேள்விகள். மேலே கேட்ட இது ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் போட்டுவிட்டேன். தெரியாவிட்டால் உங்களோடு வளர்ந்த ஒருவரிடம் கேளுங்கள் என்று கீழே எழுதியிருக்கிறது. என்னோடு வளர்ந்தவர்களில் இருப்பது நீங்கள் மட்டும்தான். போனில் கேட்டால் உங்கள் காதுக்கு எட்டாது. போனில் எழுதி அனுப்பினால் நீங்கள் திறப்பதில்லை என்று உங்கள் மகள் வினோஜா சொல்கிறாள். ஆகவே தபால்.

பதிலை எதிர்பார்க்கும்,
சுபாஜினி


திருகோணமலை
11.02.2025

அன்புத் தங்கச்சி சுபாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். நீயும் சுகமாயிருக்கக் கோணேசரை வேண்டுகிறேன். உன் கடிதம் வந்து நாளாகிறது. கை வராமல் கிடந்துவிட்டேன். முழங்கால் அப்படியேதான். அத்தான் சீனி கூடினாலும் மைசூர்பாகை விடுவதாயில்லை. வினோஜாவுக்குக் கந்தளாய்க்கு வேலை மாற்றம் வந்திருக்கிறது. காதுக்கு வாங்கிய கருவி காகம் கரைகிற மாதிரிச் சத்தம் போடுகிறது. மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டேன்.

டொக்டர்மார் கண்டதையும் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இரவில் பால் காய்ச்சிக் குடி. ஞானாம்பிகையின் வீட்டில் போய்ப் படுத்தால் என்ன? பக்கத்து வளவுதானே.

பின்கதவுக்கு அம்மா போடும் ஆமைப்பூட்டு இருக்கிறதா? அதைப் பூட்டிவிட்டுப் படு. திறப்பைக் கதவில் விடாதே.

அன்பு மறவாத,
பத்மா அக்கா


பண்டத்தரிப்பு
23.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலமும் அத்தானின் மைசூர்பாகும் அறிந்தேன்.

என் கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. அப்படி ஏதும் இருந்திருந்தால் எழுதியிருப்பீர்கள். ஆகவே ‘இல்லை’ என்று போட்டுவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன்.

பாடம் நான் நினைத்ததுபோல் இல்லை. தியானம், நல்ல நினைவுகள் என்று வரும் என எண்ணியிருந்தேன். இது பட்டாளத்துக் கட்டுப்பாடு. பன்னிரண்டு மணி வரை கட்டிலைத் தொடக்கூடாது. ஐந்துக்கு எழுந்துவிட வேண்டும். பகலில் கண்ணயரக்கூடாது. படுத்தும் நித்திரை வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் போய் இருக்கவேண்டும். நித்திரைக்குப் பசி உண்டாக்குகிறார்களாம்.

இன்னொன்றும் உண்டு. பின்னேரத்தில் நாளையைப் பற்றிய பயத்தை எழுதவேண்டும். மறுநாள் அதன் எதிரே உண்மையில் என்ன நடந்தது என்று எழுதவேண்டும். ‘வகுப்பில் நித்திரை தூங்கி விழுவேன்’ என்று எழுதினேன். நடந்தது: நான் விழவில்லை; ஒன்பதாம் வகுப்புத்தான் விழுந்தது.

நம்பமாட்டீர்கள், இந்தக் கிழமை நித்திரை வருகிறது. கிணற்றுக்குள் கல்லைப் போட்டதுபோல் போய்விடுகிறேன்.

ஆமைப்பூட்டுக் கறள் பிடித்துவிட்டது. பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிட்டேன். தாழ்ப்பாள் போதும். ஆனால் அதைப் பற்றி நினைத்தபோது வேறொன்று நினைவுக்கு வந்தது. என் பாய்க்குப் பக்கத்தில் அம்மா ஒவ்வொரு நாளும் ஒரு ஈரச்சாக்கை விரித்துவைப்பா. சூட்டுக்கு என்பா. மாரியிலும் ஏன் விரித்தா? கேட்கவேண்டும் என்று இவ்வளவு நாளும் தோன்றவில்லை.

அன்புடன்,
சுபாஜினி


திருகோணமலை
02.03.2025

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். புது ஆமைப்பூட்டு வாங்கு. நாளைக்கே வாங்கு. அந்தப் பாடத்தையும் நிற்பாட்டு. ஆறு மணித்தியாலமாவது கட்டிலில் கிட. மனிதர் நித்திரையைக் குறைத்து எந்த வருத்தம் மாறியது?

அவசரமாய் எழுதுகிறேன்.
பத்மா அக்கா


பண்டத்தரிப்பு
16.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் சுகமா? காரணம் எழுதாமல் கட்டளை மட்டும் எழுதியிருந்தீர்கள். காரணம் இல்லாமல் நான் ஒன்றையும் நிறுத்துவதில்லை என்று தெரியும்தானே. அதிலும் பலன் கிடைக்கும்போது.

ஆனால் பூட்டு விஷயத்தில் நீங்கள் சொன்னது சரிபோல் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை எழுந்து குசினிக்குப் போனேன். பின்கதவு விரியத் திறந்து கிடந்தது. தாழ்ப்பாளை நான் போட்டது நிச்சயம். போட்டு, இழுத்தும் பார்த்தேன். வீட்டில் ஒன்றும் காணாமற் போகவில்லை. கிணற்றடியில் கப்பிக் கயிறு ஈரம். வாளி நிறையத் தண்ணீர். கிணற்றுக்குத் தண்ணீர் மோட்டர் பூட்டிய பிறகு அந்த வாளியை நான் தொட்டதேயில்லை.

ஆழ்வாப்பிள்ளை அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று நாடியைச் சொறிந்தார்.

“கள்ளனெண்டா வாளியையல்லோ ரீச்சர் கொண்டு போயிருப்பான். உவன் தண்ணி அள்ளி வைச்சிட்டெல்லோ போயிருக்கிறான். ஒருக்கா எங்கடை வீட்டுக்கும் வரச்சொல்லுங்கோ, இவவுக்கு நாரிப் பிடிப்பு, குனிஞ்சு தண்ணி அள்ளேலாது.”

அவருடைய மனைவி ஞானாம்பிகை உள்ளேயிருந்து, “தனியப் பொம்பிளை இருக்கிற வீடு, உங்களுக்குப் பகிடியே?” என்று பேசினா. நானும் சிரித்தேன். பிறகு வீட்டுக்குள் வந்து கதவைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். தாழ்ப்பாள் உட்பக்கம். ஓடு கழன்றிருக்கவில்லை, யன்னல் கம்பி அசையவில்லை. வெளியிலிருந்து ஒருவன் அதை எப்படித் திறந்தான்?

அன்றைய பயத்தை எழுத இருந்தபோது எனக்கு வசனம் வரவில்லை.

சுபாஜினி


பண்டத்தரிப்பு
30.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. சுகவீனம் ஒன்றுமில்லையே?

கள்ளனைப் பிடிக்கலாம் என்று இரண்டு இரவுகள் விறாந்தையில் விளக்கை அணைத்துவிட்டு விடியும்வரை இருந்தேன். ஒருவரும் வரவில்லை. மூன்றாம் நாள் களைப்புத் தாங்காமல் படுத்தேன். அன்றைக்குத்தான் வந்திருக்கிறார்கள். நான் விழித்திருந்தால் வருவதில்லை, நித்திரை கொண்டால் வருகிறார்கள். அப்படியென்றால் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிற யாரோ. படலையடியில் சைக்கிளை நிறுத்திப் போன் கதைக்கிறவர்களை எல்லாம் இப்போது முகம் பார்க்கிறேன். நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும்.

இந்த முறை வாளி இல்லை, அக்கா. என் செருப்பு. வீட்டுக்குள் போடுகிற நீலச் செருப்பு. இரண்டும் கிணற்றுக்கட்டின் மேல், கோயில் வாசலில் கழற்றி வைத்ததுபோல் ஒழுங்காக, கிணற்றுக்குள் பார்த்தபடி இருந்தன.

நெடுநேரம் கிட்டப் போகாமல் நின்றேன். பிறகு போய் உள்ளே எட்டிப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. தண்ணீர்தான் இருந்தது.

ஆழ்வாப்பிள்ளை அண்ணை இம்முறை பகிடி விடவில்லை. “பொலிசுக்குச் சொன்னா வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவாங்கள். எங்கடை முறையைச் செய்வம்” என்றார். தன் வீட்டு அடுப்புச் சாம்பலை அரித்துக் கொண்டுவந்து, என் அறை வாசலிலிருந்து குசினி வழியே கிணற்றடி வரைக்கும் மெல்லிதாகத் தூவினார். “ஆளை விடுங்கோ, உவன்ரை காலைப் பாப்பம்.”

இன்றிரவு படுக்கப்போகிறேன். எழுத வேறொன்றும் இல்லை.

சுபாஜினி


பண்டத்தரிப்பு
04.04.2025

அக்கா,

முதல் நான்கு நாளும் சாம்பலில் பூனைதான் நடந்தது. இன்று காலை மனிதக் கால். வெறுங்கால், சிறியது. வெளியிலிருந்து உள்ளே வரவில்லை. என் அறை வாசலிலிருந்து வெளியே போகிறது. குசினி, படி, கிணற்றடி. கிணற்றுக்கட்டின் அருகில் சாம்பல் முழுவதும் குழம்பிக் கிடக்கிறது. அங்கேயே நெடுநேரம் நின்றதுபோல. பிறகு திரும்பி வருகிறது.

பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம். “புருசனை ஆட்டிவைக்கிற கால்” என்று நீங்கள் நக்கலடிப்பீர்களே, அந்தக் கால். என் காலை அதற்குள் வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. கட்டிலுக்குப் போய்ப் பார்த்தேன். விரிப்பின் கால்மாட்டில் சாம்பல்.

ஆழ்வாப்பிள்ளை அண்ணை வருமுன் விளக்குமாற்றை எடுத்து எல்லாவற்றையும் கூட்டிவிட்டேன். பூனை என்று சொன்னேன்.

சனவரியில் கேட்ட கேள்வியைத் திரும்பக் கேட்கிறேன்.

சுபாஜினி


திருகோணமலை
09.04.2025

என் அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை வாசித்த கையோடு எழுதுகிறேன். எழுத்துக் கோணலாயிருந்தால் பொறுத்துக்கொள்.

ஓம். நீ நடந்தாய். ஐந்து வயதில் தொடங்கியது. கண் திறந்திருக்கும். கூப்பிட்டால் “ஓம்” என்பாய். விடிந்தால் ஒன்றும் தெரியாது. போவது எப்போதும் கிணற்றடிக்குத்தான். கிணற்றுக்கட்டின் மேல் நீ ஏறி நின்றதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். அம்மா ஈரச்சாக்கு விரித்தது அதற்காகத்தான். காலில் குளிர் பட்டால் விழித்துவிடுவாய். பிறகுதான் ஆமைப்பூட்டு வந்தது. திறப்பு அம்மாவின் தலையணைக்குள் இருக்கும். உன்னைக் கம்பஸ் ஹொஸ்டலில் விடாததும், கடைசிவரை உன் அறையிலேயே அவ படுத்ததும் வேறு எதற்காக? உனக்குக் கலியாணம் பேசி வந்த மூன்று இடத்தையும் அம்மா தட்டிக் கழித்தா. “பிறத்தி வீட்டிலை என்ரை பிள்ளையை ஆர் காவல் காப்பினம்?” என்பா.

நித்திரை குறைந்தால்தான் நீ கூடுதலாக நடப்பாய். சோதனைக்கு விழித்திருந்து படித்த காலங்களில் அம்மா கண்மூடவில்லை. அதனால்தான் பாடத்தை நிற்பாட்டச் சொன்னேன்.

சொல்லக்கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினா. அவ போன பிறகும் மீற மனம் வரவில்லை. நான் பேசாமலிருந்த நாட்களில் நீ கிணற்றடியில் நின்றிருக்கிறாய். இன்றிலிருந்து ஞானாம்பிகையின் வீட்டில் படு. டொக்டரிடம் போ. வெட்கப்படாதே.

பத்மா அக்கா


பண்டத்தரிப்பு
16.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

புதுவருடம் பிறந்திருக்கிறது. எல்லோரும் சுகமாயிருங்கள்.

ஞானாம்பிகையிடம் படுக்கிறேன். டொக்டரிடமும் போனேன். தாரிகாவின் முகம் வெளிறிவிட்டது. “மிஸ், ‘தெரியாது’ எண்டும் ஒரு பெட்டி இருந்ததெல்லோ! அதைப் போட்டிருந்தா நான் இதைத் துடங்க விட்டிருக்க மாட்டன். தெரியாட்டித் தெரியாதெண்டு எழுதுங்கோ எண்டு எங்களுக்குச் சொன்னதே நீங்கள்தானே.” நித்திரையைச் சுருக்கும் விதிகளை அன்றே நிறுத்திவிட்டாள். பத்து மணிக்கே படுக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு நிபுணருக்குக் கடிதம் தந்திருக்கிறாள். பயத்தையும் நடந்ததையும் எழுதுவதை மட்டும் விடவேண்டாம் என்றாள்.

அக்கா, ஒன்று கேட்கவேண்டும். பிள்ளை நித்திரையில் நடக்கிறாள் என்பதை மறைக்கச் சத்தியம் எதற்கு? ஊருக்குத் தெரியாமல் மறைக்கலாம். எனக்குத் தெரியாமல் ஏன்?

எங்கள் ஐயா செத்த இரவில் நாங்கள் சண்டைக்குப் பயந்து கோயில் மடத்தில் இருந்தோம். ஊரடங்கு. வீட்டில் கட்டி நின்ற மாட்டை அவிழ்த்துவிடப் போனவர், ஒழுங்கையில் செல் குண்டு விழுந்து செத்தார் என்று கேட்டே வளர்ந்தேன். ஆனால் மடத்துக்குப் போகுமுன்பே மாட்டை விற்றுவிட்டோம். கழுத்து மணியைக் கழற்றி வைத்துக்கொண்டு அழுதது நான். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது மறக்காது.

அன்று விடிய நான் கண் திறந்தது மடத்தில் இல்லை. எங்கள் வீட்டு விறாந்தையில். ஐயாவின் செத்தவீட்டுக்குத் தூக்கி வந்தோம் என்றீர்கள்.

ஐயா யாரைத் தேடிப் போனார்?

சுபா


திருகோணமலை
21.04.2025

தங்கச்சி,

இதைக் கடிதத்தில் எழுதமாட்டேன். வெள்ளிக்கிழமை பகல் பஸ்ஸில் வருகிறேன். காதுக் கருவிக்குப் புதுப் பற்றரி போட்டுவிட்டேன். நீ கேட்பதெல்லாம் எனக்குக் கேட்கும்.

பத்மா அக்கா


பண்டத்தரிப்பு
25.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாய் வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நான்கு கிழமை உங்களை என்னிடம் விட்ட அத்தானுக்கு நன்றி சொல்லுங்கள். முழங்காலோடு இந்த வீட்டுப் படி ஏறி இறங்கியதற்கு உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

வந்த அன்று குசினி வாங்கில் இருந்து நீங்கள் சொன்னதை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். “உன்னைத் தேடித்தான் பிள்ளை போனவர். நீ மடத்திலையிருந்து எழும்பி வீட்டை நடந்திட்டாய். செல் ஒழுங்கை முகப்பிலை விழுந்தது. நீ விறாந்தையிலை நித்திரை. அந்தச் சத்தத்துக்கும் நீ எழும்பேல்லை.” ஏன் இவ்வளவு காலமும் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா நீ பிறகு நித்திரையே கொள்ள மாட்டாய் எண்டு அம்மா சொன்னவ” என்றீர்கள். நான் சிரித்தேன். நீங்கள் பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

இரவில் காதுக் கருவியைக் கழற்றினால் நான் எழும்புவது கேட்காது என்று, உங்கள் சேலைத் தலைப்பை என் மணிக்கட்டில் முடிந்துவிட்டுப் படுத்தீர்கள். அந்த நாட்களில் ஒரு முறையும் நான் நடக்கவில்லை. சேலையா, டொக்டரின் பத்து மணியா, எது காரணம் என்று சொல்லமுடியாது. இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது.

இன்று தனியே படுக்கும் முதல் இரவு. தன் வீட்டிலேயே படுக்கச்சொல்லி ஞானாம்பிகை வற்புறுத்தினா. எத்தனை வருடம் பிறத்தி வீட்டில் படுப்பது என்று வந்துவிட்டேன். ஆழ்வாப்பிள்ளை அண்ணை ஆள் பிடித்துக் கிணற்றுக்கு இரும்புக் கம்பி மூடி போட்டுத் தந்துவிட்டார். “பூனை விழாமலுக்கு” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அவருக்குத் தெரியும். பின்கதவுக்குப் புது ஆமைப்பூட்டு. திறப்பை அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டேன். நித்திரையில் நடக்கிறவள் அரிசியைக் கிண்டித் தேடமாட்டாள் என்பது தாரிகாவின் நம்பிக்கை. எனக்கு அவ்வளவு இல்லை. ஆகவே பழைய சணல் சாக்கு ஒன்றைக் கழுவி, நனைத்துக் கட்டிலடியில் விரித்திருக்கிறேன்.

இன்றைய பயம்: நித்திரை வராது. அதன் கீழே இன்னொன்றும் எழுதியிருக்கிறேன்: வரும்.

கடிதத்தை மூடவில்லை. நாளைக்கு நடந்ததையும் எழுதி அனுப்புகிறேன்.

26.05.2025, காலை

நடந்தது:

நித்திரை வந்தது. எப்போது என்று தெரியாது, மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. பிறகு கால் இரண்டும் சில்லிட்டு விழித்தேன். சாக்கின் மேல் நின்றுகொண்டிருந்தேன். இருட்டு. ஐயா என்று கூப்பிட்டேனோ, கூப்பிட நினைத்தேனோ தெரியாது. கை சுவரில் பட்டது, லைற்றைப் போட்டேன். அறை வாசல், குசினி, பூட்டு எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. கட்டிலில் ஏறிப் போர்வையால் காலைத் துடைத்தேன். பிறகு படுத்தேன். திரும்பவும் நித்திரை வந்தது, அக்கா.

விடிய எழுந்தபோது நிலத்தில் ஈரக்கால் தடம் முழுதாய்க் காயாமல் இருந்தது. சாக்கிலிருந்து வாசல் பக்கம், லைற்றைப் போட வைத்த ஓரடி, பிறகு கட்டிலுக்குத் திரும்பி. அது காயும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அரிசியைக் கிண்டித் திறப்பை எடுத்துக் கதவைத் திறந்தேன். வேலிக்கு அங்கால் ஆழ்வாப்பிள்ளை அண்ணை பல் தீட்டிக்கொண்டு நின்றார்.

“என்ன ரீச்சர், பூனை வந்ததே?”

“வந்தது அண்ணை. வாசல் வரைக்கும் போகேல்லை.”

அவர் தலையாட்டிவிட்டு வாயைக் கொப்பளித்தார்.

சாக்கைக் கிணற்று மூடியின் மேல் வெயிலில் போட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தால் வந்து திரும்ப நனைக்கவேண்டும்.

சுபா